அங்கொடையிலிருந்து தம்பி வருகிறான்

கேள்வி:

வணக்கம் டொக்டர். எனக்கு 44 வயது. வடமராட்சியில் அம்மாவின் வளவுக்குள்ளேயே தனி வீடு கட்டி, கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறேன். என் தம்பிக்கு 36. எட்டு வருடத்துக்கு முன்னம் ஒரு நாள் காலமை அவன் பக்கத்து வளவு மாமாவைக் கத்தியால் வெட்டிப்போட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே மாமா செத்துப்போனார். சொந்த மாமா இல்லை. ஆனால் எங்களைத் தூக்கி வளர்த்த மனிசன். கிணற்றுக்குள் அவர் மருந்து போடுகிறார் என்று தம்பி நம்பியிருந்தான். அதற்கு முதல் மூன்று கிழமை அவன் நித்திரை கொள்ளவில்லை. கிணற்றுத் தண்ணீர் குடிக்கவில்லை, கடைப்போத்தல்தான். வேலியடியிலேயே நிற்பான். நாங்கள் நூல் கட்டினோம், சாத்திரம் கேட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை.

செய்தது அவன்தான், ஆனால் அந்த நேரம் சுயபுத்தியில் இருக்கவில்லை என்று கோட்டில் தீர்ப்பு வந்தது. முதலில் மறியல், பிறகு அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி. போன மாதம் அங்கிருந்து ஒருவர் போன் எடுத்து, "இப்ப நல்ல சுகம், கோட்டுக்கு அறிக்கை போகப்போகுது, வீட்டில ஏற்பீங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்கு 71 வயது. "என்ர பிள்ளை என்ர கண்ணுக்கு முன்னால இருக்கட்டும்" என்று ஒரே அழுகை. என் கணவர், அவன் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்கிறார். மாமாவின் மனைவியும் மகன்மாரும் அதே வேலிக்கு அங்கால்தான் இருக்கிறார்கள். அவனை விடக்கூடாது என்று ஊரில் கையெழுத்து வாங்குகிறார்களாம். கிளிநொச்சியில் தோட்டம் செய்யும் சித்தப்பா மட்டும் "பாப்பம்" என்றார். அவன் திரும்பவும் செய்வானா? நான் வேண்டாம் என்று சொன்னால் பாவமா? ஊர்ச்சனம் மறிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

தம்பி திரும்பவும் செய்யமாட்டார் என்று நான் எழுதித்தர முடியாது. செய்வார் என்றும் எழுதித்தர முடியாது. இருபத்தாறு வருடமாக இந்த வைத்தியம் பார்க்கிறேன், நீதிமன்றங்களுக்கு எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். ஒருவரைப் பார்த்து "இவர் ஆபத்து" என்றோ "இவர் ஆபத்தில்லை" என்றோ முத்திரை குத்தித் தருகிற வித்தை எங்களிடம் இல்லை. இந்த ஆள் எந்த நிலைமையில் ஆபத்தாக மாறுவார், எந்த நிலைமையில் மாறமாட்டார் என்று மட்டும் ஓரளவு சொல்லலாம். அதற்கான விடை பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நித்திரையில்லாத அந்த மூன்று கிழமையைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளைச் சொல்கிறேன்.

அந்த வரிகளுக்குப் போவதற்கு முதல் ஒரு கணக்கு. கற்பனைக் கணக்குத்தான். உங்கள் தம்பியைப் போன்ற 100 பேர் வெளியே வர இருக்கிறார்கள், அவர்களில் 5 பேர் திரும்ப யாரையாவது தாக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கையில் நூற்றுக்கு எண்பது சரியாகச் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது என்றும் வைப்போம். அந்த 5 பேரில் 4 பேரை அது பிடித்துவிடும், ஒருவர் தப்பிவிடுவார். மிச்சம் 95 பேரில் 19 பேரைப் பிழையாக "ஆபத்து" என்று காட்டும். அந்தச் சோதனையை நம்பி 23 பேரை உள்ளே வைத்திருந்தால், அதில் 19 பேர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யமாட்டாதவர்கள். அவ்வளவு பேரைப் பூட்டிவைத்தும் வெளியே ஒரு வீட்டில் ஒருவர் அடிபடுவார். முழுப் பாதுகாப்பு உறுதியாகும்வரை எவரையும் விடக்கூடாது என்று கேட்பவர்களின் கண்ணில் அந்த 19 பேர் படுவதில்லை. நாங்கள் அவர்களை வாட்டில் தினமும் காண்கிறோம். வெளியே அடிபடப்போகும் அந்த ஒருவரையும் மறந்துவிட்டு அறிக்கை எழுத எனக்கு உரிமையில்லை.

1966 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாக்ஸ்ட்ரம் என்பவரின் வழக்கில் கொடுத்த தீர்ப்பால், நியூயோர்க் மாநிலத்தில் கடுங்காவல் மனநோய் மருத்துவமனைகளில் வைக்கப்பட்டிருந்த 967 பேரைச் சாதாரண மனநோய் மருத்துவமனைகளுக்கு மாற்றவேண்டி வந்தது. எல்லாரும் பயந்தார்கள். நாலு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், திரும்பக் கடுங்காவலுக்கு அனுப்பவேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அவர்களில் பலர் நடுவயதைத் தாண்டியவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். உங்கள் தம்பிக்கு 36 வயதுதான். ஆகவே அதை அப்படியே அவருக்குப் பொருத்தி உங்களை ஆறுதற்படுத்த நான் முயலவில்லை.

தம்பிக்கு நேரடியாகப் பொருந்துவது வேறு விஷயம். உளப்பிளவை (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற கடும் மனநோயில் நடக்கும் கொலைகளில் பத்துக்கு நாலு அளவில், முதல்முறை வருத்தம் வந்து, ஒரு குளிசைகூட வாயில் படாத காலத்தில் நடப்பவை. உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். அவர் அன்றைக்கு வெட்டியது தன்னைத் தூக்கி வளர்த்த மாமாவை அல்ல. தன் குடும்பத்துக்கு நஞ்சு வைக்கிற ஒருவரைத் தடுக்கிறேன் என்ற முழு நம்பிக்கையோடு கத்தியைத் தூக்கியிருக்கிறார். அந்த நம்பிக்கை வருத்தத்தோடு வந்தது. வருத்தம் அடங்கியபோது அதுவும் அடங்கியிருக்கவேண்டும். அடங்கியிருக்கிறதா என்பதுதான் அங்கொடையில் உள்ளவர்களிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதற்கேள்வி. "நல்ல சுகம்" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். கிணற்றைப் பற்றி இப்போது என்ன சொல்கிறார், மாமாவைப் பற்றி என்ன சொல்கிறார், தனக்கு இருந்தது வருத்தம் என்று ஏற்கிறாரா, இதையெல்லாம் அவரோடு தமிழிலே இருந்து கதைத்த ஒரு வைத்தியர் கேட்டாரா என்று கேளுங்கள். இத்தனை வருடம் ஊரிலிருந்து நானூறு கிலோமீற்றருக்கு அப்பால், பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும் வாட்டில் இருந்தவர் அவர். "நித்திரை வருகுதா, சாப்பிட்டீங்களா" என்பதற்கு எந்த மொழியிலும் பதில் சொல்லிவிடலாம். மனதுக்குள் கிடக்கும் சந்தேகத்தைத் தாய்மொழியில்தான் கொட்டமுடியும்.

இன்னும் இரண்டு தகவல். சுவீடனில் மனநோய் மருந்து எடுத்த 82,000க்கு மேற்பட்டவர்களை 2006 முதல் 2009 வரை பின்தொடர்ந்து, 2014 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதே ஆள் மருந்து எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டபோது, உளப்பிளவை போன்ற நோய்களுக்குக் கொடுக்கும் மருந்துகள் எடுத்த காலத்தில் வன்முறைக் குற்றம் 45 வீதம் குறைந்திருந்தது. மற்றது அமெரிக்காவில் மூன்று நகரங்களில் மனநோய் வாட்டுகளிலிருந்து வெளியேறிய 1,000க்கு மேற்பட்டோரைப் பற்றியது, 1998 இல் வந்தது. குடியோ போதைப்பொருளோ இல்லாதவர்கள், அயலில் உள்ள குடியும் போதையும் இல்லாத சாதாரண சனத்தைவிடக் கூடுதலாக எவரையும் தாக்கவில்லை. மருந்து நின்றால், போதை சேர்ந்தால், பழைய சந்தேகம் திரும்பி ஒரு ஆளின் முகத்தைப் பிடித்துக்கொண்டால்: உங்கள் தம்பி ஆபத்தாக மாறக்கூடிய நிலைமை அது. இந்த மூன்றும் ஒரு இரவில் வந்து விழுவதில்லை. நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் வரும். கூட இருக்கும் கண்ணுக்குத் தெரியும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 77 ஆம் பிரிவு, செய்வது என்ன என்றோ அது பிழை என்றோ அறியமுடியாத மனநிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்கிறது. ஆகவே உங்கள் தம்பி தண்டனை அனுபவிக்கும் கைதி அல்ல. அவரை வைத்திருப்பது பாதுகாப்புக்காகவும் சிகிச்சைக்காகவும். தண்டனை என்றால் இத்தனை வருடம் என்று முடிவு ஒன்று இருக்கும். இதற்கு அப்படி ஒரு திகதி இல்லை, எனக்கு மனம் வலிக்கும் இடம் அதுதான். அசாமைச் சேர்ந்த மச்சல் லாலுங் என்பவரை 1951 இல் பிடித்து மனநோய் மருத்துவமனையில் வைத்தார்கள். 1967 இலேயே சுகம் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. வழக்கு விசாரிக்கப்படாமலே சிறைக்கு அனுப்பி, 2005 இல்தான் விட்டார்கள். 23 வயதில் போனவர் 77 வயதில் வெளியே வந்தார். கொடுமை செய்யவேண்டும் என்று யாரும் இருந்து திட்டம் போடவில்லை. கோப்பைத் திறந்து பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

நானும் ஒரு கோப்பை அப்படி மூடிவைத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்து நாலாவது வருடம் இருக்கும். ஒருவர் ஐந்து வருடமாக எந்தக் குறியும் இல்லாமல் இருந்தார், மற்ற நோயாளிகளுக்குச் சோறு போட்டுக்கொடுப்பார். அவரைப் பற்றி நீதிமன்றம் கேட்டபோதெல்லாம் "மேலும் அவதானிப்புத் தேவை" என்று மூன்று தடவை எழுதினேன். அவதானிக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஏதும் நடந்தால் பத்திரிகையில் என் பெயர் வரும் என்ற பயம்தான் என்னை அப்படி எழுதவைத்தது. அவர் வெளியே வருமுன் அவருடைய தாய் இறந்துபோனார். என்னை அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. "அம்மா கடைசியா என்ன கேட்டவ எண்டு ஆருக்கும் தெரியுமோ, ஐயா" என்று மட்டும் கேட்டார்.

மற்றப் பக்கமும் எனக்குத் தெரியும். இன்னொருவரை விடலாம் என்று கையெழுத்து வைத்தவனும் நான்தான். மாதம் ஒரு ஊசி, ஒழுங்காக வந்து போட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேசன் வேலைக்கு வேறு மாவட்டம் போனார். அவருடைய கோப்பு அவரோடு போகவில்லை. மூன்று ஊசி தவறியது எங்களுக்கும் தெரியாது, அங்கே உள்ளவர்களுக்கும் தெரியாது. ஒரு நாள் அண்ணனை அலவாங்கால் அடித்தார். அண்ணன் உயிர் தப்பினார், ஒரு கண் போய்விட்டது. அவரை விட்டது பிழையா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். விட்டது பிழையில்லை. ஊசிக்கு வரவில்லை என்றால் யார் போன் எடுப்பது, யார் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று ஒருவரின் பெயரையும் எழுதாமல் விட்டதே பிழை.

ஆகையால் தம்பியின் விஷயத்தில் எதிர்ப்பதா சம்மதிப்பதா என்று மட்டும் யோசிக்காதீர்கள். எந்தப் படியில், எங்கே, யாருடைய கண்காணிப்பில் என்று கேளுங்கள். 1981 இல் ஜனாதிபதி றேகனைச் சுட்ட ஹிங்க்ளியை மனநோய் காரணமாகக் குற்றவாளியல்ல என்று அமெரிக்க நீதிமன்றம் 1982 இல் தீர்த்தது. அவரை ஒரே நாளில் திறந்துவிடவில்லை. வருடக்கணக்காகச் சிறுசிறு வெளிச்செல்லல், பிறகு தாய்வீட்டில் சில நாட்கள், 2016 இல் நிபந்தனையோடு தாயுடன் வசிப்பு, 2022 இல்தான் நிபந்தனை எல்லாம் நீங்கியது. அவ்வளவு ஆளும் பணமும் எங்களிடம் இல்லை. எங்கள் மனநோய்ச் சட்டமே 1873 இல் ஆங்கிலேயர் எழுதி, 1956 இல் திருத்தப்பட்டது. வெளியே வந்த ஒருவரைத் தொடர்ந்து மருந்தெடுக்கக் கட்டாயப்படுத்த அதில் வழியில்லை. ஆனாலும் படிப்படியாகப் போகும் அந்த முறையை நாங்கள் இங்கேயும் செய்யலாம், செய்தும் இருக்கிறோம்.

அங்கொடையிலிருந்து நேரே உங்கள் வளவுக்கு அவர் வருவதை நான் ஆதரிக்கமாட்டேன். முதலில் வடக்கிலுள்ள ஒரு மனநல வாட்டுக்கு மாற்றித்தரும்படி கேளுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. சில மாதம் இங்கே இருக்கட்டும். தமிழிலே கதைக்கட்டும். நீங்கள் கிழமைக்கு ஒருக்கால் பஸ் ஏறிப்போய்ப் பார்க்கலாம். எட்டு வருடத்துக்கு முந்திய தம்பியைத்தான் உங்களுக்குத் தெரியும், இப்போதுள்ளவரை நீங்களும் அறியவேண்டும். பிறகு ஒரு நாள் லீவில் வெளியே வந்து பின்னேரம் வாட்டுக்குத் திரும்பட்டும், பிறகு இரண்டு நாள். இப்படிப் போகப்போக எங்கே பிடி தளர்கிறது என்று எல்லாருக்கும் தெரியவரும்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள். இந்த வருத்தம் திரும்ப முற்றினால் அடிபடுவது பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள் அல்ல. கூட இருப்பவர்கள், அதிலும் சோறு கொடுத்து மருந்து கொடுத்துப் பார்க்கும் தாய்மார். தண்ணீரில் நஞ்சு என்ற சந்தேகம் திரும்பி வந்தால் அந்தத் தண்ணீரைக் கையில் கொடுப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். 71 வயது அம்மாவும் அவரும் மட்டும் ஒரு கூரையின் கீழ் இருப்பதற்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன். அம்மாவின் பாசத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பாசம்தான் முதலாவது குறியைக் கண்டும் "பிள்ளைக்குக் களைப்பு" என்று மறைத்துவிடும். முந்தியும் அப்படித்தானே நடந்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் நான் கோடு போட்ட வரி, சித்தப்பாவின் "பாப்பம்." தோட்டம் இருக்கிறது, வேலை இருக்கிறது, ஆண்துணை இருக்கிறது, கிளிநொச்சி வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் இருக்கிறது, எல்லாவற்றையும்விட அந்த வேலி அங்கே இல்லை. சித்தப்பாவை வாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்கவேண்டியதைக் கேட்கட்டும், பயத்தையும் சொல்லட்டும். அவர் சம்மதித்தால், அங்கே உள்ள மனநல மருத்துவ உத்தியோகத்தரின் கைக்கு தம்பியின் கோப்பு போய்ச் சேர்ந்ததை நீங்களே உறுதிப்படுத்துங்கள். "அனுப்பியாச்சு" என்ற பதிலை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன்.

மருந்து குளிசையாக இருந்தால், மாத ஊசியாக மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நாக்குக்குக் கீழே ஒதுக்கிவைத்த குளிசையை யாரும் காணமாட்டார்கள். ஊசிக்கு வராத ஆளைக் கிளினிக்கில் உள்ள தாதி அன்றைக்கே காண்பார். வேறு மருந்துகள் பிடிக்காமல் குளோசப்பின் எடுக்கிறவராக இருந்தால் அது குளிசைதான், ஒழுங்காக இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அப்போது சித்தப்பாவின் கையால் கொடுத்து, விழுங்கும்வரை நிற்கவேண்டும். கள்ளு, சாராயம், கஞ்சா, இப்போது பொடியளைப் பிடித்திருக்கும் ஐஸ், ஒன்றும் கூடாது. "ஒரு போத்தல் கள்ளு என்ன செய்யும்" என்று அன்பாக ஊற்றிக்கொடுக்கும் சொந்தக்காரர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கும் முதலே சொல்லிவையுங்கள்.

இப்போது அந்த மூன்று கிழமைக்கு வருகிறேன். ஒவ்வொருவருக்கும் வருத்தம் திரும்பும்போது ஒரே வழியால்தான் பெரும்பாலும் திரும்பும். உங்கள் தம்பிக்கு அந்த வழி தெரிந்திருக்கிறது: நித்திரை போகும், கிணற்றுத் தண்ணீரை விடுவார், கடைப்போத்தல் வாங்குவார், வேலியடியில் போய் நிற்பார். எந்த வைத்தியப் புத்தகத்திலும் இது இல்லை, உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு கொப்பியில் எழுதுங்கள். சுகமாக இருக்கும் தம்பியையும் பக்கத்தில் இருத்தி, அவருடைய வாயால் கேட்டு எழுதுங்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த குறி ஒன்றோ இரண்டோ இருக்கும். இரண்டு இரவு நித்திரை இல்லை என்றால் மூன்றாம் நாள் காலமை கிளினிக்குக்குப் போன். தண்ணீரில் சந்தேகம் என்று ஒரு சொல் வந்தால் அன்றைக்கே கொண்டுபோவது. வரமாட்டேன் என்றால் அம்புலன்சுக்கு 1990, கையில் ஆயுதம் இருந்தால் 119. என்ன செய்வது என்று தெரியாமல் நள்ளிரவில் அந்தரப்பட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. கீழே அவரே, "நான் இப்படி நடந்தால், நான் வேண்டாம் என்றாலும் என்னைக் கொண்டுபோங்கோ" என்று எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். சட்டத்தின் முன் அதற்குப் பெறுமதி இல்லை. ஆனால் சந்தேகம் தலைக்கேறிய நேரத்தில் தன் கையெழுத்தைத் தானே கண்டு வாகனத்தில் ஏறியவர்களைக் கண்டிருக்கிறேன்.

அவருடைய உயிரையும் இந்தக் கணக்கில் சேருங்கள். வருத்தம் தெளிந்த பிறகுதான் தான் யாரைக் கொன்றேன் என்று ஒருவருக்கு முழுதாகப் புரியும். வெளியே வந்த முதல் மாதங்களில் சிலர் தங்கள் உயிரை எடுத்துக்கொள்கிறார்கள். மாமாவின் திவசம் வரும் கிழமையில் அவரைத் தனியே விடாதீர்கள்.

நான் வேண்டாம் என்று சொன்னால் பாவமா என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டில் வேண்டாம் என்பதும், தம்பி வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. பிள்ளைகள் இருக்கும் வளவில், அந்த வேலிக்கு இப்பால் அவரை வைத்திருக்க முடியாது என்று சொல்ல உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் முழு உரிமை உண்டு. அதைத் தெளிவாக அங்கொடைக்குச் சொல்லுங்கள். போனை எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நம்பரை மாற்றிவிட்ட குடும்பங்களால்தான் சுகமானவர்கள் பலர் அந்த வாட்டுகளிலேயே கிழவராகிறார்கள். உங்கள் கணவரை எதிரியாக எண்ணவேண்டாம். அவர் கேட்பது பிள்ளைகளின் பாதுகாப்பு, அதையே நீங்களும் கேட்கிறீர்கள். ஒருமுறை அவரையும் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஊர்ச்சனம் மறிக்கலாமா? முடிவு சட்டப்படி எடுக்கப்படவேண்டியது, கையெழுத்துக் கூட்டத்தினுடையது அல்ல. ஒரு ஊர் பயந்தது என்பதற்காகச் சுகமான ஒருவரைச் சாகும்வரை அடைத்துவைக்கச் சட்டமும் இல்லை, நியாயமும் இல்லை. ஆனால் பயப்படவும், என்ன ஏற்பாடு என்று கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்களை "படிக்காத சனம்" என்று ஒதுக்கிவிட்டு நடக்கும் விடுதலை நிலைக்காது. ஒரு சத்தம் கேட்டாலே பொலிசுக்குப் போன் போகும், "அங்கொடையிலிருந்து வந்த விசரன்" என்று பொடியள் ஒழுங்கையில் கத்துவார்கள், அவர் வீட்டுக்குள்ளேயே ஒடுங்குவார், மருந்து நிற்கும்.

மாமாவின் குடும்பத்தை ஊரோடு சேர்த்து எண்ணாதீர்கள். அவர்கள் இழந்தவர்கள். தம்பிக்குச் சுயபுத்தி இருக்கவில்லை என்ற தீர்ப்பு அந்த வீட்டுக்கு ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை. தம்பி வரப்போகும் செய்தியைக் கடைச்சந்தியில் யாரோ சொல்லி மாமி கேட்கக்கூடாது. நீங்கள்தான் சொல்லவேண்டும். இரு வீட்டுக்கும் வேண்டிய ஒரு பெரியவர் மூலம் கேட்டுவிட்டு, மாமி சம்மதித்தால் போங்கள். மன்னிப்புக் கேட்டுப் போகாதீர்கள், அது அவர் மேல் இன்னொரு சுமை. "இப்படிக் கதை நடக்குது மாமி, உங்களுக்கு முதல் தெரியவேணும், அவன் இந்த ஒழுங்கைக்கு வராமல் ஏற்பாடு செய்யப் பாக்கிறம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். படலை திறக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள், கோபிக்க உங்களுக்கு ஒன்றுமில்லை.

அந்த நிபந்தனையை நீங்களே நீதிமன்றத்தில் கேளுங்கள். தம்பி அந்த ஒழுங்கைக்குள் வரக்கூடாது, வசிப்பிடம் கிளிநொச்சி, கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகவேண்டும், தவறினால் நீதிமன்றத்துக்கு அறிவிக்கவேண்டும் என்று உங்கள் பக்கத்திலிருந்தே ஒரு சட்டத்தரணி சொன்னால், முடிவெடுப்பவர்களுக்கும் தைரியம் வரும், மாமியின் மகன்மாருக்கும் கையெழுத்துத் தாளைத் தூக்கிக்கொண்டு திரிய அவசியம் குறையும். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. அம்மா கிளிநொச்சிக்குப் போய் மகனைப் பார்க்கட்டும், நாலு நாள் நிற்கட்டும், சித்தப்பா வீட்டில் ஆட்கள் இருக்கும்போது.

நூல் கட்டினோம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று எழுதிய இடத்தில் உங்கள் எழுத்து கலங்கியிருக்கிறது. என் கிளினிக்குக்கு முதன்முதலாக வரும் குடும்பங்களில் எத்தனை பேரின் கையில் நூல் இருக்கிறது என்று கண்டால் உங்களுக்குக் கொஞ்சம் இலேசாக இருக்கும். நீங்கள் அக்கறையில்லாமல் இருக்கவில்லை, தெரிந்த இடத்துக்குக் கொண்டுபோனீர்கள். அது வருத்தம் என்று உங்களுக்குச் சொல்ல அன்றைக்கு ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. எட்டு வருடமாக இதை யாரிடமும் கதைத்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையம் ஒன்றுக்கு உங்களுக்காகவே ஒருக்கால் போங்கள்.

அங்கொடையிலிருந்து திரும்பப் போன் வந்தால், "வீட்டுக்கு இல்லை, வடக்கு வாட்டுக்கு மாற்றித் தாங்கோ, சித்தப்பாவோடு வந்து கதைக்கிறம்" என்று சொல்லிவிட்டு, கதைத்தவரின் பெயரையும் வாட் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். பிறகு அந்தக் கொப்பியோடும் வழக்கு இலக்கத்தோடும், உங்களுக்குக் கிட்டவுள்ள மந்திகை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு ஒரு நாள் காலமை போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.